பெரியப்பாவின் வியர்வை

மார்கழியில் வெள்ளிமலை ராத்திரி எட்டு மணிக்கே கதவைச் சாத்திக்கொள்ளும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ராத்திரியில், பெரியப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வழிந்தது. “காய்ச்சலா பெரியப்பா?” என்றேன். “ஒண்ணுமில்லடா, உள்ள புழுக்கமா இருக்கு” என்றார். நானோ இரண்டு போர்வைக்குள் இருந்தேன்.

ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த கல்வராயன் மலை 1976இல்தான் அரசு நிர்வாகத்துக்கு வந்தது. அதற்குச் சில வருஷம் கழித்து வாத்தியாராக மலையேறியவர் பெரியப்பா. ஓய்வுபெற்ற பிறகும் இறங்கவில்லை. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருப்பது தெரிந்தபோது, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்றார்கள். மலையிறங்கி, கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்த ராத்திரிக்கு மறுநாள்தான் தெரிந்தது, அடுத்த ஊசிக்குப் போவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

காரணத்தை என்னிடம் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். திடீரென்று மாரிலிருந்து தலைவரை தீப்பிடித்தமாதிரி சூடு ஏறுகிறது, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, நோய் முற்றிவிட்டது போல, இனி ஊசி எதற்கு. பெரியம்மா அடுப்பங்கரையிலிருந்தே கேட்டார்: “கொஞ்ச நேரத்துல வேர்த்துட்டு, அப்பறம் குளிருதா?”

“ஆமா.”

“எனக்குத் தீட்டு நின்ன வருசம் இதேதான். ரெண்டு மூணு வருசம் இருந்துச்சு.”

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நீ சொல்லவே இல்லையே?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தச் சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். முதலில் கிடைத்த ஆச்சரியம், பெரியம்மா சொன்னதை 1896இலேயே ஒருவர் எழுதிவைத்திருந்தார். அந்தக் காலத்தில் புராஸ்டேட் வீங்கி மூத்திரம் அடைத்துக்கொண்ட கிழவர்களுக்கு விரைகளை அகற்றிப் பார்த்தார்கள். அப்படிச் செய்துகொண்டவருக்கு, மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வருவது போன்ற சூடு வருவதை பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஆர்தர் கேபட் பதிவு செய்தார். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை என்ற ஒன்று வருவதற்கு 45 வருஷம் முன்பே அதன் பக்கவிளைவு ஏட்டில் ஏறிவிட்டது.

1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் பரவிய புராஸ்டேட் புற்றுநோய், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தின்றே வளர்கிறது என்று காட்டினார்கள். விரையை அகற்றினால், அல்லது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால், எலும்பு வலியில் படுத்துக்கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது.

கத்திக்குப் பயந்தவர்களுக்கு மாத்திரை வந்தது. 1938இல் சார்லஸ் டாட்ஸ் குழு அறிவித்த, செயற்கையாகத் தயாரித்த ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஈஸ்ட்ரோஜன் அது. விலை மலிவு. மார்பு வீங்கும், வலிக்கும், அதைப் பொறுத்துக்கொண்டார்கள். 1960களில் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. தினம் 5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் புற்றுநோய்ச் சாவு குறைந்தது, மாரடைப்பும் ரத்தக்குழாய் அடைப்பும் கூடின. ஒரு பக்கம் காப்பாற்றிய உயிரை இன்னொரு பக்கம் பறிகொடுத்தார்கள்.

அப்புறம்தான் ஊசி. ஆண்ட்ரூ ஷாலியின் குழு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளையிலிருந்து ஹைப்போதலாமஸைப் பிரித்தெடுத்து, விரைகளுக்குக் கட்டளை அனுப்பும் சங்கிலியின் முதல் ஹார்மோனை 1971இல் கண்டறிந்தது. உடம்பு அதை விட்டுவிட்டுச் சுரக்கும். இடைவிடாமல் கொடுத்தால், கட்டளையை வாங்கி அனுப்பவேண்டிய பிட்யூட்டரி சுரப்பி மரத்துப்போய் நின்றுவிடும். ஷாலிக்கு 1977இல் நோபல் பரிசு. அந்த வழியில் வந்த லியூப்ரோலைட் ஊசிக்கு 1985இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறையாமல் ஏறும், வலி கூடலாம். அதனால்தான் பைகாலுட்டமைடு போன்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2011இல் வந்த அபிராட்டெரோன் ரத்தக்கொதிப்பை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அதைத் தடுக்க பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் கூடவே உண்டு.

ஒவ்வொரு மருந்தும் முந்தையதின் ஒரு கஷ்டத்தைத் தீர்க்க வந்து, இன்னொன்றைக் கொண்டுவந்தது. ஆனால் கேபட் எழுதிய அந்தச் சூடு மட்டும் கத்தியிலும் இருந்தது, ஊசியிலும் இருக்கிறது. ஏனென்றால் மருந்து கெட்டதால் வருவதல்ல அது. ஹார்மோன் இறங்கியதும் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு குழம்பி, சின்ன மாற்றத்தையும் பெரிய சூடாக எடுத்துக்கொள்கிறது. பெரியப்பா நோய் முற்றியதன் அடையாளமாக நினைத்தது, உண்மையில் ஊசி வேலை செய்ததன் அடையாளம்.

இதை ஊசி போடும் இடத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆண்மை சம்பந்தப்பட்டது என்பதால் மருத்துவருக்கும் கூச்சம், வாத்தியாருக்கும் கூச்சம். இந்தியாவில் இன்றும் பலருக்கு ஊசியைவிட விரை அகற்றும் அறுவைசிகிச்சையே தரப்படுகிறது: செலவு ஒரே தடவை, அலைச்சல் இல்லை. பெரியப்பாவிடமும் அதைக் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்றிருக்கிறார். ஊசியிலும் உடம்புக்கு நடப்பது அதேதான் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

அடுத்த முறை பெரியம்மாவும் நானும் கூடப் போனோம். பெரியம்மாதான் எல்லாவற்றையும் கேட்டார். சூடு எப்போது வருகிறது என்று எழுதிவைக்கச் சொன்னார்கள். காரம், கொதிக்கிற டீ, மது சிலருக்குத் தூண்டிவிடும். தாங்கமுடியாவிட்டால் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், வென்லாஃபாக்ஸின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். வெளியே தெரியும் சூட்டைவிட, தெரியாமல் நடப்பவற்றைக் கவனிக்கச் சொன்னார்கள். எலும்பு மெலியும், தசை கரையும், தொப்பை போடும், சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, பீடியை விடுவது, தினம் நடை, கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி. எலும்பைக் காக்கும் ஊசி போடுவதானால் முதலில் பல்லைக் காட்டவேண்டும். மனசு சோர்ந்து தூக்கம் கெட்டால் அதையும் சொல்லவேண்டும். பிரஷரும் சர்க்கரையும் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை, ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்காகவே வீட்டுக்கு வருகிறார்கள்.

பெரியப்பா பெரிய நிம்மதியோடு ஒன்றும் திரும்பவில்லை. இச்சை போனது, மார்பு லேசாகக் கனத்தது, எதற்கும் அலுப்பு. அதெல்லாம் போகவில்லை. ஆனால் விட இருந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்.

போன மார்கழியிலும் போயிருந்தேன். நடுராத்திரியில் திண்ணையில் பேச்சுச் சத்தம். பெரியப்பா சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு, பனையோலை விசிறியால் அவருக்கு வீசிக்கொண்டிருந்தார். “அப்பல்லாம் நீ என்னதான் பண்ண?” என்று கேட்டார் பெரியப்பா.

“கெணத்தடியில போயி உக்காந்துக்குவன்” என்றார் பெரியம்மா.