நீலம் ஏறாத அணுக்கள்

1952இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், ஓயாமல் கிருமித்தொற்றில் விழுந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் இல்லை என்று கண்டார். கிருமியை எதிர்க்கும் புரதம் அது. அடிக்கடி நோயுறும் குழந்தைகளிடம் அந்தக் குறையைத் தேடும் வழக்கம் அதிலிருந்து வந்தது.

ஆனால் மின்னசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர் 1957இல் விவரித்த நான்கு சிறுவர்களுக்கு அந்தப் புரதம் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. வெள்ளணுக்களுக்கும் பஞ்சமில்லை. இருந்தும் நெறிக்கட்டிகள் சீழ்பிடித்தன, நுரையீரல் பழுத்தது. உயிர்குடிக்கும் நோய் என்றே அதற்குப் பெயரிட்டார்கள்.

1966இல் பியூலா ஹோம்ஸ், பால் குவீ முதலியோர் வெள்ளணுக்களையே சோதித்தார்கள். அவை கிருமியை ஒழுங்காகத்தான் விழுங்கின. விழுங்கிய கிருமியோ உள்ளே உயிரோடு இருந்தது!

காரணம் ஆக்சிஜன். நல்ல வெள்ளணு கிருமியை விழுங்கியதும் ஆக்சிஜனை மளமளவென்று இழுத்து, கிருமியைக் கொல்லும் சூப்பராக்சைடாக மாற்றும். இந்தப் பிள்ளைகளிடம் அதைச் செய்யும் நொதி பிறவியிலேயே பழுது. மண்ணிலும் மட்கிய இலையிலும் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். இவர்களுக்கு அவையே நுரையீரலில் வேர்விடுகின்றன.

பாஸ்டனில் ராபர்ட் பேனரும் டேவிட் நேத்தனும் 1967, 68இல் இதை ஒரு சாயத்தால் கண்ணுக்குக் காட்டினார்கள். நைட்ரோ புளூ டெட்ரசோலியம் வெளிர்மஞ்சளானது. சூப்பராக்சைடு பட்டால் கருநீலமாகிவிடும். நல்ல வெள்ளணுவைத் தூண்டினால் அதனுள் நீலம் படியும். நோயுற்ற பிள்ளையின் அணுவில் படியாது. எக்ஸ் குரோமோசோம் வழியாக நோய் வரும் குடும்பங்களில், நலமாக நடமாடும் தாயின் ரத்தத்தில் நீல அணுக்களும் நீலமற்ற அணுக்களும் கலந்திருக்கும். இதைவிடத் தெளிவான பரிசோதனை குழந்தை மருத்துவத்தில் அபூர்வம் என்பேன்.

கண்டுபிடித்துவிட்டால் காக்க வழியுண்டு. இந்த நோயுள்ள 39 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், வெற்று மருந்து உண்ட காலத்தில் 7 பேருக்குக் கடும் பூஞ்சைத்தொற்று வந்தது. இட்ராகோனசோல் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தை உண்ட காலத்தில் ஒருவருக்கு மட்டுமே. எலும்பு மஜ்ஜை மாற்று நோயையே குணப்படுத்தக்கூடியது.

இன்று பெரிய ஆய்வகங்கள் ஒளிரும் சாயமும் கருவியும் கொண்டு இதே குறையை அளக்கின்றன. அந்தக் கருவி இல்லாத ஊரில் பழைய நீலச்சாயமும் நுண்ணோக்கியும் போதும். காரணம் புரியாமல் பூஞ்சை நிமோனியாவோடு வரும் எந்தக் குழந்தைக்கும் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.