சுவரேறாத துப்பாக்கி: படைவீரர் இல்லங்களின் மரபுப்பொருள்களும் ஆயுதச் சட்டமும்

முன்னுரை

சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியான மண்ணூர்பேட்டையில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரின் இல்லக் கூடத்தை ஆய்வின்பொருட்டுக் காண நேர்ந்தது. சீருடையணிந்த மூன்று தலைமுறையினரின் நிழற்படங்கள், கண்ணாடிச் சட்டத்துள் பதக்கங்கள், உடன் பணியாற்றிய நண்பர் அளித்த குக்கிரிக் கத்தி ஆகியன சுவரை நிறைத்திருந்தன. துப்பாக்கி இல்லை. பீரங்கி வண்டிகள் உருவாகும் ஆவடிக்கு அண்மையில், தலைமுறை தலைமுறையாகப் படையில் பணியாற்றிய ஒரு குடும்பத்தின் சுவர் இது. மேலைநாட்டு இல்லங்களில் மூதாதையரின் துப்பாக்கி கூடத்துச் சுவரில் தொங்குவது புதுமையன்று. நம் சுவர்களில் அஃது இல்லாமையைப் போர்மரபின் தேய்வாகக் கருதுவோர் உளர். அவ்வின்மை ஆணைகளாலும் சட்டங்களாலும் உண்டாக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தொண்டைமானின் காவல்மனை

ஆயுதத்தை அணிசெய்து காட்சிக்கு வைத்தமைக்கான பழந்தமிழ்ச் சான்று தொண்டைமானைச் சார்ந்தே கிடைக்கிறது. அவனிடம் அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாடல், பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மனையில் இருக்கும் படைக்கலங்களையும், போரில் சிதைந்து கொல்லன் களத்தில் கிடக்கும் படைக்கலங்களையும் எதிரெதிர் நிறுத்துகிறது. பாடலின் அங்கதம் போதுமான அளவு விளக்கப்பட்டுவிட்டது. இங்கு வேண்டுவது வேறு. மனையில் ஆயுதத்தை அழகுற வைத்தல் அக்காலத்தார்க்கு அறிமுகமான காட்சி என்பதே அது.

படைக்கலப் பறிப்பு

1799இல் கட்டபொம்மனும் 1801 அக்டோபரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். 1801 டிசம்பரில் வெளியான கம்பெனி அரசின் அறிவிப்பு, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்பித்தவர் சின்னமருதுவே என 1830இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார். கற்பித்தவரை வேட்டையாடிய படையில் கற்றவரே இருந்தார். வளரி அதன்பின் வேட்டையிலும் குலதெய்வ வழிபாட்டிலும் திருமணச் சடங்கிலும் எஞ்சியது. சுடுகருவிகளுக்கு இத்தகைய மறைவிடம் வாய்க்கவில்லை.

தஞ்சைக்கு நேர்ந்தது இன்னும் துயரமானது. 1855இல் அரசு கம்பெனிவசமானதும் அரண்மனைப் படைக்கலக் கொட்டிலும் அதன் கைக்குச் சென்றது. 1860களின் தொடக்கத்தில் சென்னை அருங்காட்சியகத்திற்கெனச் சில தெரிவுசெய்யப்பட்டன. பிற உடைக்கப்பட்டு உலோகமாக விற்கப்பட்டன. இன்று எழும்பூரில் நாம் வியக்கும் தஞ்சை வாள்கள் அத்தெரிவில் தப்பியவை.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்நிலையை நாடு முழுமைக்கும் பொதுவாக்கியது. ஐரோப்பியர்க்கு விலக்களித்து இந்தியரிடம் உரிமம் கோரிய அச்சட்டத்தை எதிர்த்து 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு தீர்மானம் இயற்றியது.

குடகு: ஒரு எதிர்ச்சான்று

சட்டமே காரணம் என்பதற்குச் சான்று தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. குடகு மக்களுக்கு 1861 முதல் ஆயுத உரிம விலக்கு தொடர்கிறது. 2019இல் நடுவணரசு அதனைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போத் விழாவில் குடும்பத் துப்பாக்கிகளைப் பூசையில் வைத்துத் 'தோக்குப்பூ' சூட்டுகின்றனர். தோக்கு என்றால் துப்பாக்கி. அம்மலரை நாம் செங்காந்தள் என்கிறோம். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. மலர் எல்லைக்கு இருபுறமும் பூக்கிறது. அதனைச் சூட்டிக்கொள்ளும் துப்பாக்கி ஒருபுறத்தில் மட்டுமே எஞ்சியுள்ளது.

விடுதலைக்குப் பின்

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இனவேறுபாட்டை ஒழித்தது, உரிமத்தை ஒழிக்கவில்லை. படைவீரரின் துப்பாக்கி அவருடையதன்று; பணி முடிவில் அது படைப்பிரிவின் கிடங்கிலேயே தங்கிவிடும். தனியார் உரிமம் பெற்ற துப்பாக்கி வாரிசுக்குச் செல்லலாம். உரிமம் பெற்றவர் 70 வயதை எட்டியபின்போ 25 ஆண்டுகள் வைத்திருந்த பின்போ வாழ்நாளிலேயே வாரிசுக்கு மாற்ற 2016ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. எனினும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மரபுரிமையாக வருவன உட்பட ஒருவர்க்கு இரண்டு துப்பாக்கிகளே என வரையறுத்தது. பிறர், குறிப்பாகச் சிறுவர், கைபடாது காப்பதற்கான உறுதிமொழியும் தேவை. தேர்தல் அறிவிக்கப்படும்போது காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும் கோருவர். இத்தகைய பொருள் பூட்டிய பெட்டிக்கு உரியது, சுவருக்கு உரியதன்று. சிறுவர் உள்ள இல்லத்தில் இக்கட்டுப்பாடு நியாயமானதே என்பதையும் மறுப்பதற்கில்லை.

சட்டத்தின் 45ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்துவைத்துள்ளது. வழக்கொழிந்த, தொன்மை மதிப்புடைய, அல்லது பழுதுற்ற ஆயுதம், செப்பனிட்டாலும் சுட இயலாததாயின் அதற்கு விலக்கு உண்டு. ஆக, உரிமமின்றிச் சுவரேறத் தக்கது இறந்த துப்பாக்கி மட்டுமே. ஔவையின் பாடலில் அணிசெய்யப்பட்டதும் சிதைந்ததும் வெவ்வேறு ஆயுதங்கள். இன்றைய சட்டம் அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

பதக்கத்தின் விளிம்பு

எஞ்சுவது பதக்கம். முதல் உலகப் போரில் படைவீரர்க்கு வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியாலானது. தொழிற்படையினர்க்கு அதுவே வெண்கலத்தில் அளிக்கப்பட்டது. அதன் விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். மதராஸ் காலாட்படை 1928 அளவில் கலைக்கப்பட்டு இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் திரட்டப்பெற்றது. ரெஜிமெண்ட் வரலாறுகள் அதிகாரிகளின் பெயர்களையே மிகுதியும் கூறுகின்றன. சாதாரண வீரரைப் பொறுத்தவரை அவ்விளிம்பே கல்வெட்டு. வெள்ளி விலை ஏறுந்தோறும் பதக்கங்கள் உருக்குவோரிடம் செல்கின்றன. துப்பாக்கிக்குப் பதிவேடு உண்டு, பதக்கத்திற்கு இல்லை. நம் துறைகள் ஓலைச்சுவடி திரட்டியதுபோல் இவ்விளிம்பெழுத்துகளைப் படியெடுக்கத் தொடங்கவில்லையெனில், அடுத்த தலைமுறை ஆய்வாளர்க்கு நிழற்படங்களே மிஞ்சும்.

மண்ணூர்பேட்டை இல்லத்தில் சட்டத்தைக் கழற்றிப் பாட்டனாரின் பதக்கத்தைக் காண இசைந்தனர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய இப்பகுதியில் ஆயுதபூசையன்று கடைசல் இயந்திரத்திற்கும் துளையிடு இயந்திரத்திற்கும் சந்தனமிடுவர். இவ்வில்லத்தில் பதக்கத்தை இறக்கித் திருநீற்றால் துலக்குவர். ஆண்டுதோறும் துலக்கியதில் விளிம்பு மழுங்கியிருந்தது. எண்ணும் 'சாப்பர்' என்னும் பதவியும் தெரிந்தன. பெயரில் முதல் இரண்டு எழுத்துகளை மட்டுமே படிக்க முடிந்தது.