சொப்பின் உள்ளே ஒரு வரலாறு

வரலாறு என்றவுடன் கோட்டை கொத்தளங்களும் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. சிறுமியர் சோறு ஆக்கி விளையாடும் மரச் சொப்பு எவர் நினைவுக்கும் வருவதில்லை. ஆயினும், உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்னஞ்சிறு குடத்துக்கும் நெடிய வரலாறு உண்டு. அதை எழுதி வைத்தவர் எவரும் இலர். சொல்லிலும் கல்லிலும் வழிவழிச் செய்தியிலும் சிதறிக் கிடக்கும் அவ்வரலாற்றைச் சற்றே தொகுத்துப் பார்ப்போம்.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'சொப்பு' என்பது 'செப்பு' என்னும் பழஞ்சொல்லின் பேச்சு வடிவம். சங்க நூல்களில் செப்பு என்பது மூடியுடைய சிமிழைக் குறிக்கும். பொருளை உள்ளே வைத்துக் காக்கும் சிறு கலமே செப்பு. பிற்காலத்தில் அது குழந்தைகளின் கைக்கு வந்து விளையாட்டுக் கலமாயிற்று. சிற்றில் இழைத்துச் சிறுசோறு அடும் சிறுமியர் தமிழிலக்கியத்துக்குப் புதியவர் அல்லர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில், தாங்கள் கட்டிய சிறு வீட்டைச் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் வேண்டுவர். நம் இசுலாமியப் புலவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

அடுத்துத் தொழிலின் பெயர். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டி எடுக்கும் வேலையைக் கடைசல் என்கிறோம். மோர் கடைவதும் கடைதல். மரம் கடைவதும் கடைதல். இரண்டுக்கும் ஒரே சொல் வந்த காரணம், பழைய முறையைக் கண்டவர்க்கு எளிதில் விளங்கும். மத்தில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னும் சுழலும். பழைய கடைசல் பட்டறையிலும் அவ்வாறே கயிற்றை இழுக்க மரம் சுழன்றது. ஒருவர் கயிற்றை இழுப்பார்; மற்றவர் உளியைப் பிடிப்பார். மரம் ஒரு பக்கம் திரும்பும்போதுதான் உளி வெட்டும். மறுபக்கம் திரும்பும்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். எகிப்தில் தூனா அல் ஜபல் என்னுமிடத்தில், கி.மு. 300ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட பெத்தோசிரிஸ் என்பாரின் கல்லறைச் சுவரில், இதே வேலையை இருவர் செய்யும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. கடைசலைக் காட்டும் மிகப் பழைய சித்திரம் அதுவே என்பர் அறிஞர்.

இனி வழிவழிச் செய்தி. கருநாடகத்தில் பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் சன்னபட்டணம் என்னும் ஊர் உள்ளது. அரக்குப் பூசிய மர விளையாட்டுப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. 1782 முதல் 1799 வரை ஆட்சி புரிந்த திப்பு சுல்தான், பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து உள்ளூர் மக்களுக்கு இத்தொழிலைக் கற்பித்தார் என்று அவ்வூரில் சொல்லப்படுகிறது. பின்னாளில் ஜப்பானிய முறைகளைப் பின்பற்றி இத்தொழிலைச் செம்மைப்படுத்திய பாவாஸ் மியான் என்பாரையும் அம்மக்கள் தொழிலின் தந்தையாகப் போற்றுகின்றனர்.

இச்செய்தி நமக்கு மகிழ்ச்சி தருவதே. எனினும், திப்புவுக்கு முன் தென்னாட்டார் கடைசலையே அறியார் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பொருந்தாது. அதே கருநாடகத்தில் 1117ஆம் ஆண்டில் எழுந்த பேளூர்க் கோயிலின் கல்தூண்களைக் காண்க. மணிமணியாக, வளையம் வளையமாக உருண்டு திரண்ட அத்தூண்கள் கல்லைச் சுழலவிட்டுக் கடைந்தவை என்பது ஆய்வாளர் கருத்து. கல்லைக் கடைந்த நாட்டுக்கு மரத்தைக் கடையத் தெரிந்திருக்கும் அன்றோ? வடநாட்டில் கடைசல் பட்டறையைக் 'கராத்' என்பர். அரபியில் கடைசல்காரர் 'கர்ராத்'. அங்கே தொழிலோடு அயற்சொல்லும் வந்து கலந்தது. தமிழிலோ கடைதல் என்னும் சொந்தச் சொல்லே நிலைத்து நிற்கிறது. ஆகவே, அறியாத நாட்டுக்குத் தொழிலையே கொண்டு வந்து கொடுத்தவர் என்று கூறுவதைவிட, இருந்த தொழிலை ஆதரித்து வளர்த்தவர் என்று திப்புவைக் கூறுவதே நேர்மையான வரலாறு. அதனால் அவர் புகழ் குறைந்துவிடாது.

தமிழகத்தில் இத்தொழிலுக்குப் பேர் பெற்றது திருநெல்வேலி மாவட்டத்துத் தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம். அங்கே மஞ்சள் கடம்பு மரத்தில் சொப்புகள் கடைந்தனர். சன்னபட்டணத்தாரும், ஆந்திரத்தின் ஏட்டிக்கொப்பாகா ஊராரும் வெட்பாலை மரத்தைக் கையாளுகின்றனர். இவையெல்லாம் உளிக்கு எளிதில் இணங்கும் மரங்கள்.

வேலையின் அருமை சொப்பின் உட்புறத்தில் இருக்கிறது. வெளிப்புறத்தை உருட்டும்போது கண் பார்க்கிறது, கை செய்கிறது. உட்புறத்தைக் குடையும்போது நிலைமை வேறு. கட்டையின் ஒரு முனை மட்டுமே பிடியில் இருக்கும். மறு முனையில் உள்ள குறுகிய வாயின் வழியே உளியை நுழைக்க வேண்டும். உள்ளே செல்லச் செல்ல உளியின் தாங்கல் குறைந்து, அதன் நுனி அதிரத் தொடங்கும். சிராய்கள் உள்ளே அடைத்துக்கொண்டு கண்ணை மறைக்கும். எவ்வளவு சுவர் மிஞ்சியிருக்கிறது என்பதை ஓசையாலும் விரலில் படும் அதிர்வாலும் அறிய வேண்டும். கலம் சிறியதாக ஆக இத்தொல்லைகள் பெருகும். ஒரு மயிரிழை மிகுந்தால் சுவர் பொத்துவிடும். மரத்தில் ஈரம் இருந்தாலும் தீங்குதான். காயும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை; ஆதலால் வட்டமான வாய் நாளடைவில் நீள்வட்டமாகிவிடும்; மூடி பொருந்தாது.

குடைந்து தேய்த்த பின், சுழலும் கலத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பரவும். தாழை மடலால் தேய்த்து அதற்குப் பளபளப்பு ஏற்றும் வழக்கம் சன்னபட்டணத்தில் உண்டு. நெருப்பும் இல்லை, தூரிகையும் இல்லை. சுழற்சியே எல்லாம் செய்கிறது. கயிறு இழுத்த காலம் போய் இன்று மின்விசை சுழற்றுகிறது. ஆனால், குடைவது இன்றும் கைதான்.

சொப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால் நம் பாட்டிமாரின் அடுக்களையே அதில் இருக்கிறது. குடம், பானை, அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை என்று அனைத்தும் உண்டு. மாவரைக்கும் இயந்திரம் வந்த பின் ஆட்டுக்கல் கொல்லைக்குப் போயிற்று. பல வீடுகளில் உரலையும் திருகையையும் காணாத பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். அவர்களுக்கு அப்பொருள்களின் வடிவத்தையும் பெயரையும் கற்பிக்கும் ஆசான் இன்று இந்தச் சொப்புதான். அடுக்களை வரலாற்றை ஏட்டில் எழுதாத நம் சமுதாயத்துக்குக் கடைசல்காரர் மரத்தில் எழுதித் தந்திருக்கிறார்.

பிளாஸ்டிக் பொருள்கள் மலிந்தபின் இவ்வெழுத்து மங்கி வருகிறது. 2017இல் ஏட்டிக்கொப்பாகா பொம்மைகளுக்கும், 2025இல் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இது நல்ல செய்தி. குறியீடு பெயரைக் காக்கும்; பட்டறையில் உளி பிடிக்கும் கையைக் காப்பது வாங்குவோர் கடமை. தந்தையின் தொழிலில் பிழைப்பு இல்லையெனக் கண்ட மகன் வேறு வேலை தேடிப் போனால், ஓசை கேட்டுச் சுவரின் கனம் அறியும் அறிவு அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும். நூலைப் பார்த்து அதைத் திரும்பக் கற்க இயலாது.

எனவே, நம் பேரப்பிள்ளைகளுக்கு மரச் சொப்பு வாங்கும்போது வெளி நிறத்தை மட்டும் பார்த்து விலை பேச வேண்டா. மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்ப்போம். சுவர் சீராக இருந்தால், கேட்ட விலையைக் குறைக்காமல் கொடுப்போம்.