பட்டிக்குள் நாய் புகுந்தால்: ஆட்டை எண்ணும் முன் உங்கள் கையைப் பாருங்கள்

திருப்பூர் மாவட்டம் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளிலும், ஈரோடு மாவட்டம் சென்னிமலை பகுதியிலும் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது சில ஆண்டுகளாகவே தொடர்கிறது. கிளுவை வேலி போட்ட கொரங்காட்டில் ஆடுகளை இரவில் காவலின்றி விட்டு வருவது இப்பகுதியின் பழைய வழக்கம். இன்று அந்த வழக்கமே நாய்களுக்கு வசதியாகிவிட்டது.

எங்களிடம் ஆலோசனை கேட்க வரும் ஆடு வளர்ப்போரிடம் ஒரு பொதுவான பழக்கத்தைக் காண்கிறோம். எத்தனை ஆடு செத்தது, எத்தனை பிழைக்கும், இழப்பீடு கிடைக்குமா என்று விவரமாகக் கேட்பார்கள். "உங்களுக்கு ஏதும் காயம் பட்டதா?" என்று கேட்டால், "லேசா கீறியதுதான், மஞ்சள் வைச்சாச்சு" என்பார்கள். ஆட்டின் இழப்பை ஈடுகட்டலாம். வெறிநோய் எனப்படும் ரேபீஸ், அறிகுறி தோன்றியபின் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறித்துவிடும். ஆனால் கடிபட்ட உடனே முறையாகச் சிகிச்சை எடுத்தால் அதை முழுமையாகத் தடுக்கலாம்.

நாய் உங்களை நோக்கி வரும்போது

• ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. அசையாமல் நின்று, உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணுக்குக் கண் முறைக்காமல் மெல்லப் பின்வாங்குங்கள்.
• பல நாய்கள் சூழ்ந்தால் மரம், சுவர், வண்டி ஏதாவது ஒன்றில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். பின்னாலிருந்து வரும் கடியை அது தடுக்கும்.
• குச்சி, குடை, சாக்கு, மண்வெட்டி என எது கையில் இருந்தாலும் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் நீட்டிப் பிடியுங்கள். பாய்ந்துவிட்டால் துண்டையோ சாக்கையோ அதன் வாய்க்குக் கொடுங்கள்.
• கீழே விழுந்துவிட்டால் குப்புறச் சுருண்டு, இரு கைகளாலும் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ளுங்கள்.
• இருசக்கர வண்டியில் போகும்போது நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். வேகம் குறைந்தால் பெரும்பாலும் துரத்தலும் நின்றுவிடும்.
• இரவில் தண்ணீர் பாய்ச்சவோ மோட்டார் போடவோ போகும்போது டார்ச்சும் தடியும் கட்டாயம் வேண்டும். குட்டி போட்ட நாய் இருக்கும் வரப்பைச் சுற்றிப் போங்கள்.

ஆட்டைக் கவ்வியிருக்கும் நாயை விலக்கும்போது

பெரும்பாலானோர் கடிபடுவது இந்த நேரத்தில்தான். ஆட்டின் கழுத்தைக் கவ்வியிருக்கும் நாயைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். திரும்பி உங்களைக் கடிக்கும். தகரத்தைத் தட்டி ஓசை எழுப்புங்கள், வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள், தள்ளி நின்று நீண்ட கழியால் விலக்குங்கள். பட்டியின் வாசலைத் திறந்து வையுங்கள். வெளியேற வழியில்லாத நாய்தான் அதிகம் மூர்க்கமாகும்.

நாய் ஓடிய பிறகு: முதல் 15 நிமிடம்

முதலில் உங்கள் கை, கால்களைப் பாருங்கள். பல் பதிந்த தடம், நகக்கீறல், தோல் உரிந்த இடம் எதுவானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். தோட்டத்தில் மோட்டார் தண்ணீரும் துணி சோப்பும் போதும். காயத்தில் உள்ள வைரஸை வெகுவாகக் குறைக்கும் எளிய முதலுதவி இதுதான். பிறகு போவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். ரத்தம் பீறிட்டால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் கடிபட்ட நாள், 3, 7, 28-ஆம் நாள் என நான்கு முறையும், தசையில் போடும் முறையில் கடிபட்ட நாள், 3, 7, 14, 28-ஆம் நாள் என ஐந்து முறையும் போடுவார்கள். ரத்தம் வந்த கடிக்கும், திறந்த காயத்தில் நாயின் உமிழ்நீர் பட்டதற்கும் தடுப்பூசி மட்டும் போதாது. ரேபீஸ் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றிலும் செலுத்த வேண்டும். அந்த நிலையத்தில் அது இல்லையென்றால், எங்கே கிடைக்கும் என்று கேட்டு அன்றே அங்கு செல்லுங்கள். முன்பே முழுத் தடுப்பூசி போட்டவராக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லி, கூடுதல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

"நாய் நல்லாத்தான் இருக்கு, பத்து நாள் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனியுங்கள். இரண்டு ஊசியோடு நிறுத்துவதும் ஆபத்து. அறுவடை இருந்தாலும் சந்தை இருந்தாலும், மருத்துவர் சொன்ன தேதி தவறக்கூடாது.

கடிபட்ட ஆடு, மாடுகளுக்கு

கையுறை அணியுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். நாயின் உமிழ்நீர் ஆட்டின் ரோமத்திலும் காயத்திலும் ஒட்டியிருக்கும். உங்கள் கையில் ஆறாத வெட்டு இருந்தால் அதன் வழியாகவும் கிருமி நுழையலாம். அப்படிப் பட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கழுத்து, தொடை, மடிப் பகுதிகளில் ரோமத்தைக் கத்தரித்துப் பாருங்கள். மேலே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே சதை கிழிந்திருக்கலாம். சோப்புத் தண்ணீரால் நன்கு கழுவி, கடிபட்டவற்றைத் தனியே கட்டி, அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. கால்நடைகளுக்கும் கடிபட்ட நாள் முதல் 3, 7, 14, 28-ஆம் நாட்களில் தடுப்பூசி போடப்படுகிறது. காயம் ஆறிவிட்டது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த சில மாதங்களுக்கு அவற்றைக் கவனமாகப் பாருங்கள். ரேபீஸ் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்தும் வெளிப்படலாம். மாடு தொடர்ந்து கத்துவது, எச்சில் ஒழுகுவது, தீவனத்தை விழுங்க முடியாமல் தவிப்பது, முக்கிக்கொண்டே இருப்பது, பின்கால்கள் தள்ளாடுவது ஆகியவை அறிகுறிகள். இதைப் பார்த்து "தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது" என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். மருத்துவர் வரும்வரை எட்டி நில்லுங்கள். சந்தேகமுள்ள மாட்டின் பாலைக் கறக்கவோ குடிக்கவோ வேண்டாம். இறந்துபோனால் தோலுரிக்காமல், இறைச்சியை எடுக்காமல் ஆழமாகப் புதையுங்கள்.

இழப்பீடு கேட்க

தெருநாய் கடித்து இறக்கும் கால்நடைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2025-இல் இழப்பீடு அறிவித்தது. இறந்த ஆடுகளைப் புதைக்கும் முன் படம் எடுங்கள். கால்நடை மருத்துவரை வரவழைத்து உடற்கூறாய்வு செய்து சான்று வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சான்று இல்லாமல் புதைத்துவிட்டால் பின்னர் நிரூபிப்பது கடினம்.

இனி வராமல் இருக்க

இரவில் ஆடுகளை வீட்டுக்கு அருகில், ஓர் ஆள் உயரத்துக்குக் கம்பிவலை அடித்த பட்டியில் அடையுங்கள். வலையின் அடிப்பகுதியை மண்ணில் புதைத்துக் கல் வையுங்கள். நாய்கள் தோண்டித்தான் நுழைகின்றன. கோழிக் கழிவையும் இறந்த கோழிகளையும் ஓடையிலோ சாலையோரத்திலோ கொட்டாமல் குழியில் சுண்ணாம்பு தூவி மூடுங்கள். பச்சை இறைச்சி ருசி கண்ட நாய்க் கூட்டம் அந்த இடத்தை விட்டுப் போகாது. உங்கள் காவல் நாய்க்கு மூன்று மாத வயதில் தொடங்கி ஆண்டுதோறும் மருத்துவர் சொல்லும்படி தடுப்பூசி போடுங்கள்.

கோபத்தில் குருணை மருந்தை இறைச்சியில் கலந்து வைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். மயிலும் சாகும், உங்கள் காவல் நாயும் சாகும். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யக் கோரி ஊர்மக்கள் சேர்ந்து கிராம சபையில் மனு கொடுங்கள்.

ஒரு சோப்பும் ஜோடிக் கையுறையும் பட்டியிலேயே ஒரு டப்பாவில் இருக்கட்டும். தாக்குதல் நடந்த அன்று தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.