மருந்து என்னும் சொல்

நோயைத் தணிப்பது மருந்து. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. ஒப்புரவாளனின் செல்வத்தை மருந்து மரத்துக்கு ஒப்பிடுவதும், காதல் நோய்க்குக் காதலியையே மருந்தாக்குவதும் அதே நூல்தான்.

பேச்சுவழக்கில் சொல் இவ்வளவு சாதுவாக இல்லை. வசியத்துக்கு இடுவதும் மருந்து, பயிருக்கு அடிக்கும் நஞ்சும் மருந்து. தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் விரல் நுனியில் வழித்துத் தின்னும் இஞ்சி, திப்பிலி, வெல்லம் சேர்ந்த லேகியமும் மருந்து. ‘மருந்துக்குக்கூட இல்லை’ என்றால் துளியும் இல்லை என்று பொருள். அங்கே அளவு மட்டுமே மிஞ்சுகிறது.

வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்து. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தெலுங்கின் ‘மந்து’, கன்னடத்தின் ‘மத்து’, பாரசீகத்தின் ‘தாரு’ எல்லாம் இரண்டையும் குறிக்கும். சாவை வெல்லும் மருந்து தேடிய சீன ரசவாதிகளின் கையில் பிறந்த பொருளுக்குச் சீனர் இட்ட பெயரே ‘தீ மருந்து’. சரக்கும் பொதுவானதுதான்: கந்தகமும் வெடியுப்பும் சித்த வைத்தியத்திலும் உண்டு. அவற்றோடு கரித்தூளை அளவாகக் கூட்டினால் கருமருந்து.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அடுத்த ஆண்டு சிவகாசியில் தொழில் தொடங்கியது. பட்டாசு பின்னால் வந்தது. குச்சி முனையில் இருப்பதும் மருந்து, வெடிக்குள் போவதும் மருந்து என்பதால் புதுச்சொல் தேவைப்படவில்லை. கலவை அறை, மருந்து செலுத்தும் அறை என்று ஆலைக்குள் தனித்தனி அறைகள் உண்டு. பேன்சி ரகங்களுக்கு உருட்டுவது மணிமருந்து. பருத்தி உடையில் வருபவர், உடம்பில் தேங்கிய மின்னேற்றம் போக வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டே உள்ளே நுழைகிறார்.

தொழிலின் சொற்களில் விசித்திரமானது ‘நீர்த்துப்போதல்’. ஊர் வழக்கில் நீர்த்தது என்றால் வீரியம் குறைந்தது. பட்டாசு ஆலையிலோ, அலுமினியப் பொடி சேர்ந்த கலவை ஈரம் ஏற்று, உள்ளுக்குள் சூடேறி, தானாகவே பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். முதல் நாள் மிஞ்சிய கலவை மறுநாள் வெடித்தது என்ற செய்திகள் இவ்வட்டாரத்துக்குப் பழகியவை. அதனால் அன்றன்று தேவையானதை மட்டும் வெயில் ஏறுமுன் கலந்து, அன்றே செலுத்தி முடித்துவிட வேண்டும். பொழுது சாயும்போது அறையில் கலவை மருந்துக்குக்கூட இருக்கக் கூடாது.