ராணுவத்தை வெளியேற்றிய ஏரிக்கரை ஊர்

குவாத்தமாலா நாட்டின் 25 சென்ட்டாவோ நாணயத்தில் ஒரு பெண்ணின் முகம் இருக்கிறது. நீளமான நாடாவைத் தலையைச் சுற்றிப் பல சுற்றுச் சுற்றி, தட்டுப்போல விரிந்து நிற்கும்படி கட்டியிருக்கிறார். அவர் பெயர் கொன்செப்சியோன் ராமிரெஸ். அதித்லான் ஏரிக்கரையில் உள்ள சாந்தியாகோ அதித்லான் என்னும் ஊரைச் சேர்ந்த, த்சூதுஹில் என்ற மாயா இனப் பெண். கற்பனை ராணிகளையும் தலைவர்களையும் நாணயத்தில் பொறிக்கும் உலகில், உழைக்கும் பழங்குடிப் பெண் ஒருவரின் முகத்தைப் பொறித்த நாடு என்று கேட்டால் மனம் மகிழும். அதே அரசின் ராணுவம்தான் அந்தப் பெண்ணின் ஊருக்குள் புகுந்து, பத்தாண்டுகள் ஆட்களைக் கடத்திக் கொன்றது. முகத்தைக் காசில் போற்றுவார்கள்; அந்த முகத்துக்குரிய மக்களைக் காட்டில் புதைப்பார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் அந்த ஊரின் வரலாறு விளங்காது.

சமூகப் பணியாளர்களின் சந்திப்பு ஒன்றுக்காகக் குவாத்தமாலா சென்ற நாங்கள் சிலர், முடிந்ததும் அந்த ஊரைப் பார்க்கப் போனோம். பானஹசெல் படித்துறையில் விசைப்படகு ஏறினோம். ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழம் 300 மீட்டருக்கும் மேல். ஏறத்தாழ 80,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெரும் எரிமலை வெடிப்பில் நிலம் உள்வாங்கி உண்டான பள்ளம் இது. அதித்லான், தொலிமான், சான் பெத்ரோ என மூன்று எரிமலைகள் கரையில் நிற்கின்றன. மதியத்துக்கு மேல் 'ஷோகோமில்' என்னும் காற்று எழுந்து படகைத் தூக்கிப் போடும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிட்டோம்.

கரையில் இறங்கியதுமே சிறுவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மாஷிமோன், மாஷிமோன்" என்று கூவி, அவர்களது மூத்த தெய்வத்தின் வீட்டைக் காட்டுவதாக அழைத்தார்கள். எங்கள் கையில் இருந்த சுற்றுலாத் தாள் இதை 'பாரம்பரியம் மாறாத மாயா கிராமம்' என்றது. மாறாத கிராமம் என்று உலகில் எதுவும் கிடையாது. அந்தச் சொல் எதை மறைக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1524 முதல் ஒரு விண்ணப்பம் வரை

ஸ்பானியத் தளபதி பெத்ரோ தெ அல்வராதோ 1524இல் இந்த ஏரிக்கு வந்தான். அவனோடு வந்த படையில் கக்சிகேல் என்ற இன்னொரு மாயா இனத்தின் வீரர்களும் இருந்தார்கள். ஏரியின் எதிர்க்கரைக்காரர்களான அவர்களுக்கும் த்சூதுஹில் மக்களுக்கும் பழைய பகை. அந்தப் பகையைப் பிடித்துக்கொண்டுதான் அந்நியன் கரையேறினான். அதே ஆண்டிலேயே கப்பச் சுமை தாங்காமல் கக்சிகேல் மக்களும் அவனுக்கு எதிராகக் கிளம்ப வேண்டியதாயிற்று. பக்கத்து ஊரை வெல்ல உதவியவர்களுக்குக் கிடைத்த பரிசு இவ்வளவுதான்.

தோற்ற மக்களின் பழைய தலைநகரம் சான் பெத்ரோ எரிமலையின் அடிவாரத்தில், சுயித்தினமித் குன்றில் இருந்தது. 1547 வாக்கில் பிரான்சிஸ்கன் துறவிகள் மக்களை அங்கிருந்து கிளப்பி, இப்போதைய ஊர் இருக்கும் இடத்தில் குடியேற்றினார்கள். சிதறி வாழ்ந்தவர்களைச் சதுக்கத்தையும் தேவாலயத்தையும் சுற்றி அடைத்தால் ஞானஸ்நானம் கொடுப்பதும் எளிது, கப்பம் எண்ணி வாங்குவதும் எளிது. சுற்றுலாப் பயணி 'பழமையான ஊர்' என்று படமெடுக்கும் தெருக்கள், வெற்றி பெற்றவன் வசூலுக்காகப் போட்ட தெருக்கள்.

1571இல் இந்த ஊர்ப் பெரியவர்கள் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் ஃபிலிப்புக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். தங்கள் மக்களுக்கு நேர்ந்த அழிவையும் தங்கள் தலைமேல் ஏற்றப்பட்ட சுமையையும் எடுத்துச் சொன்னார்கள். ஆண்டவனின் எழுத்தைக் கற்று, அதிலேயே ஆள்பவனைக் கேள்வி கேட்டார்கள். இந்த விண்ணப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 419 ஆண்டுகள் கழித்து இதே ஊர் இன்னொரு விண்ணப்பம் எழுதும்.

மூத்தவரின் வீடு

சிறுவர்கள் எங்களை அழைத்துப்போன வீடு சிறியது. உள்ளே சாம்பிராணிப் புகை. நடுவில் மரத்தாலான உருவம், கழுத்தில் அடுக்கடுக்காகத் துணிகள், தலையில் தொப்பி, வாயில் சுருட்டு. இவர்தான் ரிலாஹ் மாம். 'மூத்தவர்' என்று பொருள். ஸ்பானியப் பேச்சில் மாஷிமோன். ஆண்டுதோறும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவார். அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு 'கொஃப்ராதியா' எனப்படும் சபையினுடையது.

கொஃப்ராதியா ஐரோப்பியச் சரக்கு. புனிதர்களுக்கு விழா எடுக்கவும், செலவை மக்கள் தலையிலேயே கட்டவும் பாதிரிமார் அதை அமைத்தார்கள். மக்களோ அதைத் தங்கள் அமைப்பாக மாற்றிக்கொண்டார்கள். பொறுப்பு ஆண்டுக்கு ஆண்டு கைமாறும். ஏற்பவர் தன் கைக்காசையும் செலவழிக்க வேண்டும். ஊர்ச் செய்தியும் வழக்கும் அங்கே பேசப்படும். அரசும் திருச்சபையும் கவனிக்காத மூலையில் ஒரு மக்கள் மன்றம் வளர்ந்தது.

எரிக் வுல்ஃப் என்ற மானுடவியலாளர் 1957இல் ஒரு கட்டுரை எழுதினார். மத்திய அமெரிக்காவிலும் ஜாவாவிலும் காணப்படும் 'மூடிய' உழவர் சமூகங்கள் ஆதிகாலத்து மிச்சங்கள் அல்ல, காலனிய ஆட்சியின் விளைவுகள் என்றார். நிலமும் உழைப்பும் பறிபோகும்போது எஞ்சியதைக் காக்க ஊர் தன்னைச் சுற்றி வேலி போட்டுக்கொள்கிறது. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஒடுக்கப்பட்டவர்களின் வழக்கத்தைப் பார்த்து 'பின்தங்கியவர்கள்' என்பவருக்கும், 'ஆகா, என்ன அழகு' என்பவருக்கும் இதில் பதில் இருக்கிறது.

அந்த வேலியை உடைக்கும் முயற்சியும் நடந்தது. 1950 வாக்கில் கத்தோலிக்கப் பாதிரிமார் இந்த உருவத்தை ஒழிக்கப் பார்த்தார்கள். அதன் முகமூடி ஒன்று எடுத்துச் செல்லப்பட்டு, கடைசியில் பாரிஸ் அருங்காட்சியகத்தில் கிடந்தது. 1979இல்தான் ஊர் திரும்பியது.

இதில் எல்லாமே போற்றத்தக்கது என்று நாங்கள் சொல்லவில்லை. சபைகளின் மேல்நிலைப் பொறுப்புகள் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தன. கொஃப்ராதியாக்காரர்கள், சீர்திருத்தக் கத்தோலிக்கர்கள், சுவிசேஷ சபையினர் என ஊர் பிரிந்து சண்டையும் போட்டது. ஒற்றுமை வானத்திலிருந்து விழுந்து கிடக்கவில்லை.

காப்பியும் கட்டாய உழைப்பும்

1870களில் காப்பி வந்தது. தாராளவாதிகள் என்று தங்களை அழைத்துக்கொண்ட ஆட்சியாளர்கள் பழங்குடிகளின் பொது நிலங்களைப் பண்ணைகளுக்குத் திறந்துவிட்டார்கள். 1877இல் கொண்டுவந்த கூலியாட்கள் சட்டம் முன்பணக் கடனில் மக்களைக் கட்டிப்போட்டது. ஆள் பிடித்து, முன்பணம் கொடுத்து, கடற்கரைச் சரிவுப் பண்ணைகளுக்கு ஓட்டிச் செல்ல முகவர்கள் இருந்தார்கள். நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், கங்காணிகள்.

1934இல் சர்வாதிகாரி ஹோர்கே உபிகோ கடன் முறையை நீக்கிவிட்டு, 'வேலையில்லாமல் திரிவோர்' சட்டத்தைக் கொண்டுவந்தார். நிலமற்றவர் ஆண்டுக்கு 150 நாட்கள் பண்ணையில் வேலை செய்ததாகக் கையேட்டில் பதிவு காட்ட வேண்டும். சிறிது நிலம் உள்ளவர் 100 நாட்கள். காட்டாவிட்டால் சிறை, சாலை வேலை. தன் சோளக் காட்டில் நாள் முழுதும் முதுகு ஒடியப் பாடுபடுகிறவனுக்குச் சட்டம் வைத்த பெயர் 'வேலையற்றவன்'!

1944 புரட்சி உபிகோ ஆட்சியின் மிச்சத்தை வீழ்த்தியது. கட்டாய உழைப்பு ஒழிந்தது. 1952இல் ஹகோபோ ஆர்பென்ஸ் அரசு, உழப்படாமல் கிடந்த பெரும் பண்ணை நிலங்களை எடுத்து உழவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. யுனைட்டெட் ஃப்ரூட் கம்பெனியின் நிலமும் அதில் போனது. 1954இல் அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஏற்பாட்டில் அந்த அரசு கவிழ்க்கப்பட்டது. கொடுத்த நிலம் திரும்பப் பிடுங்கப்பட்டது. 1960 முதல் 36 ஆண்டுகள் உள்நாட்டுப் போர்.

பத்தாண்டு இரவு

ராணுவம் 1980இல் சாந்தியாகோ அதித்லானுக்கு வந்து, ஊரை ஒட்டிய பனபாஹில் முகாம் அமைத்தது. மலைக்காடுகளில் கெரில்லாக்கள் இருந்தது உண்மை. ஆனால் ராணுவம் தேடியது கூட்டுறவு நடத்தியவர்களை, எழுத்தறிவு வகுப்பு எடுத்தவர்களை, த்சூதுஹில் மொழியில் வானொலி நடத்தியவர்களை. அந்த வானொலியின் இயக்குநர் 1980 அக்டோபரில் கடத்தப்பட்டார். அடுத்த பத்தாண்டில் இந்த ஓர் ஊரில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர்.

ஊர்ப் பங்குத்தந்தை ஸ்டான்லி ரோதர், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநில விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். குருமடத்தில் லத்தீன் வராமல் திணறியவர், 1968இல் இங்கு வந்து த்சூதுஹில் மொழியைப் பேசக் கற்றுக்கொண்டார். கொலைப் பட்டியலில் பெயர் இருப்பதாகத் தெரிந்து 1981 தொடக்கத்தில் ஊருக்குப் போனவர், ஈஸ்டருக்குத் திரும்பி வந்தார். ஜூலை 28 அன்று பங்கு இல்லத்திலேயே சுடப்பட்டார். உடலை ஒக்லஹோமாவுக்கு அனுப்பிய மக்கள், இதயத்தைத் தங்கள் தேவாலயத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

போருக்குப் பின் அமைந்த உண்மை ஆணையம் 1999இல் அறிக்கை தந்தது. இறந்தோரும் காணாமல் போனோரும் இரண்டு லட்சத்துக்கு மேல். முழுமையாக அடையாளம் காணப்பட்டோரில் 83 சதவீதம் மாயா மக்கள். பதிவான மீறல்களில் 93 சதவீதத்துக்கு அரசுப் படைகளும் அவற்றின் துணைக்குழுக்களும் பொறுப்பு. சில பகுதிகளில் நடந்தவை இனப்படுகொலைச் செயல்கள் என்று ஆணையம் கூறியது.

1990 டிசம்பர் 2

டிசம்பர் 1 இரவு, குடித்துவிட்டு ஊருக்குள் வந்த ராணுவத்தினர் வீடு புகுந்து வம்பு செய்தார்கள். அக்கம்பக்கத்தார் கூடி அவர்களை விரட்டினர். தேவாலய மணி அடித்தது. பத்தாண்டுகளாக மணியோசை கேட்டாலும் கதவைத் திறக்காமல் கிடந்த ஊர், அன்று திறந்தது. நள்ளிரவுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர், ஊர்த்தலைவரையும் அடுத்துப் பொறுப்பேற்க இருந்தவரையும் முன்னிறுத்தி, வெள்ளைக்கொடி பிடித்து முகாமை நோக்கி நடந்தார்கள். எவரிடமும் ஆயுதம் இல்லை. முகாமிலிருந்து சுட்டார்கள். குறைந்தது 13 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் களப்பணியில் இருக்கும் தோழர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். ஊர் கலைந்து வீட்டுக்குள் ஒடுங்கவில்லை, பழிவாங்கவும் கிளம்பவில்லை. விடிந்ததும் இறந்தவர்களின் உடல்களை எடுத்துப் பதுக்க விடாமல் காத்தார்கள். மனித உரிமை அலுவலரையும் செய்தியாளர்களையும் வரவழைத்தார்கள். ஒரே கோரிக்கை வைத்தார்கள்: ராணுவம் போக வேண்டும். ஆயிரக்கணக்கில் கையெழுத்து திரண்டது. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். 1571 விண்ணப்பம் ஊர்ப் பெரியவர்களுடையது. இது ஊரே எழுதியது.

டிசம்பர் 20 அன்று, அதிபர் வினிசியோ செரேசோவின் உத்தரவின்படி ராணுவம் ஊரை விட்டு வெளியேறியது. போர் முடிய இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. கெரில்லாக்களுக்கும் அதே செய்தியை ஊர் சொன்னது: நீங்களும் எங்கள் எல்லைக்குள் வர வேண்டாம். பாதுகாப்புக்கு மக்களே முறைவைத்து இரவுக்காவல் சுற்றினார்கள். முறைவைத்துப் பொறுப்பேற்பது அவர்களுக்குப் புதிதல்ல என்பதை நாம் மேலே பார்த்தோம். கொஃப்ராதியா, கோயில், சபை என்று பிரிந்து கிடந்தவர்கள் ஒரே கோரிக்கையின் கீழ் நின்றார்கள்.

மறக்காத மண்

சுடப்பட்ட இடம் இன்று அமைதிப் பூங்கா. விழுந்தவர்கள் விழுந்த இடங்களிலேயே நினைவுக் குறிகள். நாங்கள் போனபோது எங்களைத் தவிர சுற்றுலாப் பயணி யாரும் அங்கே இல்லை. மாஷிமோன் வீட்டு வாசலில் வரிசை நின்றது.

2005 அக்டோபரில் ஸ்டான் புயல் மழையில் தொலிமான் சரிவு இடிந்து, சேறு பனபாஹ் குடியிருப்பை மூடியது. நூற்றுக்கணக்கானோர் புதைந்தார்கள். மீட்புப் பணிக்கு ராணுவம் வர முன்வந்தபோது மக்கள் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகள் சேற்றுக்கடியில் கிடக்கும்போதும் அந்தச் சீருடை ஊருக்குள் நுழையக் கூடாது என்றால், அந்த நினைவு எவ்வளவு ஆழமானது! தாங்களே மண்வெட்டியோடு இறங்கித் தோண்டினார்கள். இடிபாடு மிகுந்து, கடைசியில் அந்த நிலமே பொதுக் கல்லறையாக அறிவிக்கப்பட்டது.

ஒடுக்கப்பட்ட மக்களின் துணியையும் தெய்வத்தையும் பாட்டையும் ரசிக்க உலகம் தயாராக இருக்கிறது. அவர்களது அமைப்பை, கோரிக்கையை, இறந்தோர் பட்டியலைக் கேட்கச் சொன்னால் காது அடைத்துக்கொள்கிறது. ஆய்வுக்கோ களப்பணிக்கோ எந்த ஊருக்குப் போனாலும், இளம் தோழர்களே, விழாவைப் பற்றிக் கேட்பதற்கு முன் அந்த ஊர் யாருக்கு எதிராக, எப்படி ஒன்றுகூடியது என்று கேளுங்கள். யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் கைநாட்டு வைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

திரும்பும் படகில் சில்லறையாக அந்த 25 சென்ட்டாவோ நாணயம் ஒன்று கைக்கு வந்தது. செலவழிக்காமல் வைத்திருக்கிறோம்.