ரெண்டு பேப்பர்

என் அக்கா மகளிடம் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. மழைக்கும் கரையானுக்கும் பயந்து அவள் அம்மா வாங்கிக் கொடுத்தது. ரேஷன் கார்டு, மார்க் ஷீட்டு, பேங்க் நோட்டீஸ் என்று அதற்குள் என்னென்னவோ கிடக்கும். "அதுல ரெண்டே பேப்பருதான் மாமா பேப்பரு. ஒண்ணு, நான் யாருன்னு சர்க்காரு சொல்றது. இன்னொண்ணு, நான் படிச்சது காலேஜுதானான்னு சொல்றது. மத்ததெல்லாம் குப்ப" என்று ஒருநாள் சொன்னாள். இந்த ரெண்டு பேப்பருக்கும் நடந்த வழக்குகளைத் தேடிப் படிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியதாயிற்று.

நர்சு வேலையிலிருந்தே தொடங்குவோம். பிள்ளைப்பேறு தீட்டு, ரத்தம் தீட்டு, மலம் மூத்திரம் தீட்டு. தொப்புள்கொடி அறுக்கவும் தீட்டுத்துணி அலசவும் ஊருக்குள் கூப்பிடப்பட்டவள் அம்பட்டச்சி, இல்லையென்றால் சேரிக் கிழவி. எங்கள் ஆயாவும் போயிருக்கிறாள். பிள்ளையை எடுத்துக் கொடுக்கிற கை வேண்டும், அந்தக் கையில் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கூலி மரக்கால் நெல்லு. அதே வேலைக்கு வெள்ளை உடுப்பு மாட்டி, பாடத்திட்டம் போட்டு, சர்டிபிகேட் கொடுத்தபோதும் மேல்சாதி வீட்டுப் பெண்கள் ரொம்ப காலம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புதுச்சேரிக்கு 1827லேயே வந்துவிட்ட குளூனி சபைக் கன்னியரைப் போன்றவர்கள்தான் நோயாளியைத் தொட்டார்கள். இன்றைக்கும் நாம் நர்சை 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறோமே, அந்தக் கன்னியர் விட்டுப்போன வார்த்தைதான் அது. கிறிஸ்தவப் பெண்கள், கேரளத்துப் பெண்கள், நம்ம பெண்கள் என்று தொழில் நிரம்பியது. வெளிநாட்டு வேலையும் சம்பளமும் வந்த பிறகுதான் தீட்டு மெல்லக் கழன்றது. சம்பளத்துக்குத் தீட்டைக் கழுவுகிற சக்தி இருப்பதை நம் சமூகவியல்காரர்கள் இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதலாம்.

1946ல் போர் குழு தன் அறிக்கையைக் கொடுத்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்சு என்று கணக்கு சொன்னது. டாக்டர் 6,300 பேருக்கு ஒருவர். டாக்டரைவிட நர்சு குறைவாக இருந்த நாடு இது. அதே 1946ல்தான் வேலூரிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப்படிப்பு ஆரம்பமானது. அடுத்த ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம், 1947 வந்தது. மாகாணத்துக்கு மாகாணம் வேறுவேறு விதமாக இருந்த பயிற்சியை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது அதன் நோக்கம். சென்னை மாகாணத்தில் நர்சுகளைப் பதிவு செய்வதற்கு 1926லேயே தனிச் சட்டம் இருந்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரன் கையில். 1954 நவம்பர் 1ல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு, இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக எல்லை தாண்டி வந்தன.

இந்த 1947 சட்டத்தைப் படித்தால் ஒரு விஷயம் புரியும். அதன் பத்தாவது பிரிவு 'தகுதி'யை அங்கீகரிக்கச் சொல்கிறது. அதாவது இந்த அமைப்பு கொடுக்கிற இந்தப் பட்டம், இந்த டிப்ளமோ செல்லும் என்று சொல்வது. பாடத்திட்டம் வகுக்கலாம், ஆய்வாளரை அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் 'இந்தக் கட்டடத்தில் கல்லூரி நடத்தலாம்' என்று அனுமதி கொடுக்கிற அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டா? பல பத்தாண்டுகள் உண்டு என்பது போலவே நடந்தது. கவுன்சில் ஒவ்வொரு ஆண்டும் பட்டியல் வெளியிட்டது. பேங்க் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கடன் கொடுத்தது. ஆஸ்பத்திரி அதைப் பார்த்து வேலை கொடுத்தது. மாநில கவுன்சிலும் பல்கலைக்கழகமும் அரசும் தனித்தனியாக அனுமதி கொடுத்தன. நாலு வாசல், நாலிலும் காவல்காரன்.

கர்நாடகத்துத் தனியார் கல்லூரி நிர்வாகங்களின் சங்கம் இதை வழக்காக்கியது. 2017 ஜூலையில் கர்நாடக உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற அதிகாரம் இந்திய நர்சிங் கவுன்சிலுக்கு 1947 சட்டத்தில் இல்லை, மாநில அமைப்புகளும் பல்கலைக்கழகமும் கொடுக்கிற அனுமதி போதும் என்பது அதன் சாரம். சட்டப்படி நிர்வாகங்கள் சொன்னதில் தப்பு காண முடியாது. சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை ஒரு டெல்லி அமைப்பு பழக்கத்தால் எடுத்துக்கொண்டால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டவர்கள் யார், கேள்வியின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அக்கா மகள் 2016ல் பெங்களூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஏஜென்ட் மூலமாகத்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து சீட்டு எழுதினார்கள். முதல் வருஷப் பணத்துக்கு அக்காவின் தாலிக்கொடி போயிற்று, மீதிக்கு பேங்க். இரண்டாம் வருஷம் போன் செய்தாள்: "மாமா, லிஸ்ட்டுல எங்க காலேஜு பேரே இல்ல. கர்நாடகா காலேஜு எதுவுமே இல்லன்றாங்க. பிரின்சிபால்ட்ட கேட்டா, நாம கேஸு ஜெயிச்சுட்டோம், கவலப்படாதீங்கன்றாரு." ஜெயித்த கேசுக்காக அழுத பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த மாநிலத்துக்குள் அவள் நர்சு. எல்லை தாண்டினால் பதிவுக்கும் வேலைக்கும் டெல்லிப் பட்டியலைத்தான் கேட்பார்கள். அடுத்த தவணைக்குப் பட்டியலில் பெயர் காட்டு என்றது பேங்க். இரண்டு பேரும் சட்டத்தைத்தான் பேசினார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன? 1986ல் ஆந்திரத்தில் அனுமதியில்லாமல் ஆரம்பிக்கப்பட்ட ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில், மாணவர்களுக்காகச் சட்டத்தை மீறு என்று பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட முடியாது என்று சொல்லிவிட்டது உச்சநீதிமன்றம். 1991ல் தமிழ்நாட்டு ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் வழக்கு வந்தது. அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தில் படித்தவர்களை மனிதாபிமான அடிப்படையில் பரீட்சை எழுத விடும்படி சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. 1993ல் மதுரைப் பயிற்சி நிறுவனம் ஒன்றின் வழக்கில் தமிழ்நாட்டு அங்கீகார விதிகள் செல்லும் என்றது. இந்தத் தீர்ப்புகளில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிரசவ வார்டையே பார்க்காதவள் கையில் நம்ம வீட்டுப் பிள்ளைப்பேற்றைக் கொடுக்க நாமும் சம்மதிக்க மாட்டோம். கல்லூரிக்கு நூறு படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும் என்பது வீம்புக்குப் போட்ட விதியல்ல, படுக்கை இல்லாமல் நர்சிங் எங்கே கற்பது? ஆனால் விதியை மீறியவன் நிர்வாகி, வருஷம் போனது மாணவிக்கு. கொடுத்த பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு என்று எத்தனை நிர்வாகியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்?

விதியைக் காப்பாற்ற வந்த ஆய்வாளர்களின் கதையும் நாறித்தான் கிடக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் வீட்டிலும் கடையிலும் நர்சிங் கல்லூரி நடக்கிறது, ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிப் பட்டியலில் இருக்கிறது என்று சட்ட மாணவர்களின் சங்கம் ஒன்று ஜபல்பூர் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் சி.பி.ஐ.யை விட்டு முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளைச் சோதிக்கச் சொன்னது. 2024 மே மாதத்தில் சி.பி.ஐ. தன் சொந்த அதிகாரிகளையே கைது செய்ய வேண்டி வந்தது. நல்ல ரிப்போர்ட் எழுதக் கல்லூரிகளிடம் லஞ்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை மூட உத்தரவு வந்தது. பரீட்சையே நடக்காமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

சரி, அவள் ஏன் பெங்களூருக்குப் போக வேண்டும்? புதுச்சேரியில் நர்சிங் கல்லூரி இல்லையா? கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823ல் ஆரம்பித்த மருத்துவப் பள்ளிதான் தன் வேர் என்று சொல்லிக்கொள்கிற இடம். 1956ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964ல் ஜிப்மர் என்று பெயர் மாறியது. அரசு, தனியார் என்று மற்ற நர்சிங் கல்லூரிகளும் உண்டு, சென்டாக் வழியாக அரசு ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு. அட்டவணைச் சாதிக்கு 16 சதவீதம். அங்கேதான் முதல் பேப்பர் குறுக்கே வந்தது.

ஜிப்மருக்குப் பெயர் வைத்த அதே 1964ல்தான் புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிகள் ஆணையைக் குடியரசுத் தலைவர் வெளியிட்டார். பறையர், பள்ளர், சக்கிலியர், வள்ளுவர், வெட்டியான், தோட்டி என்று போகிறது பட்டியல். யூனியன் பிரதேசத்தில் 'வசிக்கிற' இந்தச் சாதியார் என்பது அதிலுள்ள வாசகம். வசிக்கிற என்றால்? ஆணை வெளியான அன்றைக்கு உன் குடும்பம் எங்கே நிரந்தரமாக இருந்தது என்பதுதான் கேள்வி என்று நீதிமன்றங்கள் பொருள் சொல்லி வந்திருக்கின்றன. 1990ல் பம்பாய் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட ஆந்திரப் பழங்குடி மாணவர் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில், ஒரு மாநிலத்துப் பட்டியல் இன்னொரு மாநிலத்தில் செல்லாது என்றது அரசியல் சாசன அமர்வு. 2005ல் புதுச்சேரி ஆசிரியர் நியமனம் பற்றிய புஷ்பா வழக்கில், வெளியிலிருந்து வந்த அட்டவணைச் சாதியாருக்கும் இந்த யூனியன் பிரதேசம் இடம் கொடுக்கலாம் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. உள்ளூர்த் தலித்துகளுக்கு அது வயிற்றில் அடித்த மாதிரி. 'வசிக்கிற' என்ற சொல்லுக்குப் பதில் 'பூர்வீகம்' என்று அரசாணை போட்டது புதுச்சேரி அரசு. நாடாளுமன்றம் மட்டுமே மாற்றக்கூடிய ஆணையில் மாநில நிர்வாகம் சொல்லை மாற்ற முடியாது என்று 2014ல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. 2018ல் டெல்லியைப் பற்றிய பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் மறுபடியும் 1990ன் பக்கம் நின்றார்கள்.

இதில் நான் யார் பக்கம்? எங்கள் குடும்பம் பிரெஞ்சுக் காலத்துப் பிறப்புப் பதிவு வைத்திருக்கிற குடும்பம். புதுச்சேரியில் 2011 கணக்குப்படி சுமார் 15.7 சதவீதம் இருக்கிற நம் ஜனங்களுக்கு உள்ள கொஞ்சம் சீட்டையும் வெளியிலிருந்து வருகிறவர்கள் அள்ளிக்கொண்டு போவதாக நானே கூட்டத்தில் பேசியிருக்கிறேன். கைதட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அக்காவைக் கட்டிக் கொடுத்தது கோட்டக்குப்பத்துப் பக்கத்துச் சேரியில். முத்தியால்பேட்டை முடிகிற இடத்தில் தமிழ்நாடு தொடங்குகிறது. தெரு அதேதான், கரண்டு கம்பம்தான் வேறு அரசாங்கம். கல்யாணமான கையோடு மாமா மில் வேலைக்காக இந்தப் பக்கம் வந்துவிட்டார். பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தன. சாதியோ அப்பன் வழி. ஒரு அலுவலகத்தில் அக்கா மகளைப் பார்த்து, "அறுபத்தி நாலுல உங்க தாத்தா எங்க இருந்தாரு?" என்று கேட்டார்கள். பிள்ளைக்கு அப்போது பதினேழு வயசு. "எந்தத் தாத்தா சார்?" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவைப் பெற்ற தாத்தா இந்த ஊர்தான். அந்தத் தாத்தா கணக்கில் வரமாட்டார்.

இந்த ஊரில் சாதியைப் பேப்பரில் வைத்துக்கொண்டு நடந்த சண்டை புதுசல்ல. 1745ல், கோயிலுக்குள் பறைக் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவர் இடிக்கப்பட்டதையும் அதற்கு மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் போட்ட கூச்சலையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1881 செப்டம்பர் 21ல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. சாதி வழக்கத்தையும் தனிச் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று பதிவு அதிகாரி முன்னால் எழுதிக் கொடுக்கலாம், புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம். பூட்ஸ் போட்டு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக 1873ல் தண்டிக்கப்பட்ட வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னால் நின்று, 'லாபோர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். அதற்குக் கதவு என்று பொருள். அவர் வேளாளர். அவர் திறந்த கதவு வழியாகக் கிறிஸ்தவர்களும் சேரி ஜனங்களும் கணிசமாக உள்ளே போனார்கள். 1884ல் பிரெஞ்சு அரசு வாக்காளர்களை மூன்று பட்டியலாக்கி, துறந்தவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டுவிட்டது. சாதியைத் துறந்தவன் என்று ஒரு புதுச் சாதி. அன்றைக்குச் சாதி இல்லை என்று எழுதிக் கொடுக்க வரிசை, இன்றைக்குச் சாதி உண்டு என்று எழுதி வாங்க வரிசை. இரண்டிலும் நின்றவர்கள் நாம்தான். கிறிஸ்தவத்தில் இருக்கிற நம் ஜனம் இந்த இரண்டாவது வரிசையிலும் நிற்க முடியாது. 1964 ஆணை அவர்களை வெளியே வைத்திருக்கிறது. நர்சு வேலையில் முதலில் கைவைத்தவர்களில் அவர்களும் உண்டு.

1947 சட்டத்தை நீக்கிவிட்டுத் தேசிய நர்சிங் மற்றும் பேறுகால உதவியியல் ஆணையம் அமைக்க 2023ல் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. கல்லூரிக்கு அனுமதி யார் கையில் என்ற பழைய சண்டையை அது தீர்க்கலாம். 1964 பேப்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அக்கா மகள் 2020ல் படிப்பை முடித்தாள். கொரோனா வார்டுக்கு ஆள் இல்லாமல் தவித்த நேரம். புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டுக்கொண்டது, அப்போது எந்தப் பட்டியலையும் கேட்கவில்லை. அலை அடங்கியதும் கேட்டார்கள். எல்லை தாண்டிய பதிவு கைக்கு வருகிறவரை 'டிரெய்னி' என்று பாதிச் சம்பளம். வேலை முழு வேலை, நைட் டூட்டி சேர்த்து.

இப்போது அவள் தங்கை பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். அவளும் நர்சிங்தான் என்கிறாள். போன வாரம் விண்ணப்பத்தோடு வந்திருந்தார்கள். 1964ல் குடும்பம் வசித்த இடம் என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்று அக்கா கேட்டாள். உள்ளதை எழுது என்றேன். "உள்ளத எழுதுனா பெங்களூருதான்டா" என்றாள். சின்னவள் பேனாவை வாங்கிக் 'கோட்டக்குப்பம்' என்று எழுதினாள். முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.